மூன்று துறை, ஒரே குப்பி: கரைப்பான் கலவையை மூலக்கூறு அளவில் கூட்டாக ஆராய்வது எப்படி?

கணினி சிமுலேஷன் செய்பவர், நிறமாலை எடுப்பவர், அடர்த்தியும் வெப்பமும் அளப்பவர் என மூவர் சேர்ந்து ஒரு கரைப்பானை ஆராயப் புறப்பட்டால் எந்த வேலையை எதற்குப் பிறகு செய்ய வேண்டும் என்பதை இதில் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு கூட்டு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை செய்திருக்கிறேன். அதன்பின் சேர்ந்த மாணவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான தடுமாற்றம் கடினமான கணக்கில் வருவதில்லை. மூவரும் ஒரே திரவத்தைத்தான் பார்க்கிறார்களா என்று யாரும் சரிபார்க்காததால் வருகிறது.

எடுத்துக்காட்டாக நீரும் டைமெத்தில் சல்பாக்சைடும் கலந்த கலவையை வைத்துக்கொள்வோம். டி.எம்.எஸ்.ஓ. என்றுதான் எல்லாரும் சொல்வோம். தனியாக நீர் 0 டிகிரியில் உறையும், டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரியில் உறையும். மூன்றில் ஒரு மூலக்கூறு டி.எம்.எஸ்.ஓ.வாக இருக்கும்படி கலந்தால் மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போனாலும் உறையாது. பாகுத்தன்மையும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் உச்சம் தொடுகிறது. ஏன் என்று கேட்டால் மூன்று துறையும் தேவைப்படும். பழகுவதற்கு இதைவிட நல்ல கலவை எனக்குத் தெரியாது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு தசமம் காட்டும் தராசு, அதிர்குழாய் அடர்த்திமானி, கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம் அளக்கும் வசதி, அகச்சிவப்பு நிறமாலைமானி, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் அல்லது லாம்ப்ஸ் நிரல் ஓடும் ஒரு கணினி. என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவி) கிடைத்தால் நல்லது. நியூட்ரான் சிதறல் வேண்டுமென்றால் கிரெனோபிள் நகரின் ஐ.எல்.எல்., இங்கிலாந்தின் ஐசிஸ் போன்ற நியூட்ரான் ஆய்வு மையங்களுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதை நம்பி முதல் கட்டத்தைத் திட்டமிடாதீர்கள்.

கருவிகளைவிட முக்கியமான ஒன்று, வாரம் ஒருமுறை மூவரும் உட்காரும் ஒரு மணி நேரம். ஜெர்மனியின் போஹும் நகரில் ரூர் பல்கலைக்கழகம் கரைப்பான் ஆய்வுக்கென்றே ஒரு கட்டடம் கட்டி, நிறமாலைக்காரர்களையும் சிமுலேஷன்காரர்களையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருக்கிறது. நமக்குக் கட்டடம் இல்லாவிட்டாலும் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியும்.

2. கேள்வியை அளக்கக்கூடிய எண்ணாக மாற்றுங்கள்

"நீரின் அமைப்பை டி.எம்.எஸ்.ஓ. எப்படி மாற்றுகிறது?" என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் மூவரும் மூன்று பதிலோடு திரும்புவார்கள். "25 டிகிரியில், மோல் பின்னம் 0.35-ல், ஒரு நீர் மூலக்கூறு தனி நீரில் நகர்வதைவிட எத்தனை மடங்கு மெதுவாக நகர்கிறது?" என்று கேளுங்கள். மோல் பின்னம் 0.35 என்றால் நூறு மூலக்கூறில் 35 டி.எம்.எஸ்.ஓ. என்று பொருள். இதைச் சிமுலேஷனிலும் கணக்கிடலாம், என்.எம்.ஆரிலும் அளக்கலாம்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்தது இரண்டு பேர் தனித்தனி வழியில் எட்டமுடியாத எண் எதுவும் முதல் பட்டியலில் இருக்கக் கூடாது. ஒருவர் மட்டுமே எட்டக்கூடிய எண்ணைச் சரிபார்க்க மற்றவர்களால் முடியாது. அப்போது கூட்டு வேலை என்பது பெயரளவில்தான் நிற்கும்.

3. சொற்களுக்கு மூவரும் சேர்ந்து பொருள் எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. தாண்டாதீர்கள்.

"ஹைட்ரஜன் பிணைப்பு" என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமுலேஷன்காரர் இரண்டு ஆக்சிஜனுக்கு இடையே 0.35 நானோமீட்டருக்குள் தூரம், 30 டிகிரிக்குள் கோணம் இருந்தால் பிணைப்பு என்று எண்ணுவார். அகச்சிவப்புக்காரர் அலைவெண் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார். வெப்பம் அளப்பவருக்கு அது கிலோஜூல் கணக்கு. வேதியியல் பெயர்களையும் வரையறைகளையும் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயூபாக் 2011-ல் ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஒரு புதிய வரையறை வெளியிட்டது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஈ. அருணன். அந்த வரையறை ஒரு பிணைப்பை அடையாளம் காண உதவும் பல சான்றுகளைச் சொல்கிறது. சிமுலேஷனில் எங்கே வெட்டுவது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுத்து எழுதிவைக்க வேண்டும்.

நேர அளவும் அப்படித்தான். திரவ நீரில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு பிக்கோநொடிக் கணக்கில்தான் நிலைக்கும். அகச்சிவப்பு நிறமாலை ஏறக்குறைய உடனடிப் புகைப்படம் போன்றது. எல்லா நிலைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து அகலமான பட்டையாகத் தெரியும். என்.எம்.ஆர். மிக மெதுவான கண், எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரே முகடாகக் காட்டும். "எனக்கு இரண்டு வகை நீர் தெரிகிறது" என்று ஒருவரும், "எனக்கு ஒன்றுதான் தெரிகிறது" என்று இன்னொருவரும் சண்டை போட்டால், இருவரும் சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு.

இரண்டு பக்கம் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக "இதை நான் எப்படி அளக்கிறேன்" என்று மூவரும் எழுத வேண்டும்.

4. கலவையை மோல் பின்னத்தில் மட்டும் சொல்லுங்கள்

எங்கள் குழுவில் இரண்டு மாத வேலை வீணானது இங்கேதான். "ஐம்பது சதவீதம்" என்று பேசிக்கொண்டோம். நிறமாலை எடுத்தவர் கன அளவில் கலந்தார், அடர்த்தி அளந்தவர் நிறையில் கலந்தார், சிமுலேஷனில் மூலக்கூறு எண்ணிக்கையில் பாதிப் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிறையில் 50 சதவீதம் என்றால் டி.எம்.எஸ்.ஓ.வின் மோல் பின்னம் 0.19. கன அளவில் 50 என்றால் 0.20. மூலக்கூறில் பாதி என்றால் 0.50. முதல் இரண்டும் தற்செயலாக அருகருகே வந்ததால் அவர்கள் இருவரும் ஒத்துப்போனார்கள், சிமுலேஷன்தான் தப்பு என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம்.

ஆகவே மோல் பின்னம் மட்டுமே பேச்சுவழக்கில் இருக்கட்டும். 0.35 வேண்டுமென்றால் 27.35 கிராம் டி.எம்.எஸ்.ஓ.வுக்கு 11.71 கிராம் நீர். நிறையில் இது 70 சதவீதம்.

கனநீர், அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர், பயன்படுத்தும்போது இன்னொரு குழி இருக்கிறது. அதே 70 நிறை சதவீதத்தைக் கனநீரில் கலந்தால் மோல் பின்னம் 0.374 ஆகிவிடும், ஏனென்றால் கனநீரின் மோல் நிறை 18-க்குப் பதில் 20. கணக்கை மறுபடி போட்டுத்தான் எடை போட வேண்டும்.

5. மாதிரியை ஒருவரே தயாரித்து மூவருக்கும் பிரித்துக் கொடுங்கள்

மூவரும் தனித்தனியாகக் கலந்தால் மூன்று கலவைகள் வரும். ஒருவர் ஒரு பெரிய குப்பியில் தயாரித்து, சிறு குப்பிகளில் அடைத்து, எண்ணும் தேதியும் ஒட்டிக் கொடுக்க வேண்டும். வரிசை இது:

முதலில் டி.எம்.எஸ்.ஓ. பாட்டிலைப் பாருங்கள். ஏ.சி. அறையில் அது உறைந்துபோயிருக்கும். பாதி உருகியதும் மேலே உள்ள திரவத்தை ஊற்றி எடுப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. உறையும்போது படிகம் தூய்மையாகவும் மீதித் திரவம் ஈரம் மிகுந்ததாகவும் பிரியும். முழுவதும் உருகவிட்டு, குலுக்கி, பிறகுதான் எடுக்க வேண்டும்.

அடுத்து ஈரம் அளங்கள். டி.எம்.எஸ்.ஓ. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 0.1 நிறை சதவீத ஈரம் அற்பமாகத் தோன்றும், ஆனால் மோல் கணக்கில் அது 0.4 சதவீதத்துக்கும் மேல். அளந்த ஈரத்தைச் சேர்க்க வேண்டிய நீரிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கலத்தல். இரண்டும் சேரும்போது வெப்பம் வெளியாகும், குப்பியைக் கையில் பிடித்தாலே தெரியும். வெப்பம் தப்பாமல் வேகமாகக் கலந்தால் 20 டிகிரிக்கு மேல்கூட ஏறும். சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்தால் நீர் ஆவியாகி விகிதம் மாறும். மூடி, ஆறவிட்டு, மறுபடி எடை பாருங்கள். கரைந்திருந்த காற்று குமிழிகளாக வெளிவரும். அது அடங்காமல் அடர்த்திமானிக்குள் செலுத்தினால் எண் தாறுமாறாக வரும்.

பாதுகாப்பு: டி.எம்.எஸ்.ஓ. தோலை ஊடுருவும், தன்னில் கரைந்திருப்பதையும் உடன் இழுத்துச் செல்லும். கையுறையில் பட்டால் உடனே மாற்றுங்கள். அமில குளோரைடுகள் இருக்கும் கழிவுப் பாட்டிலில் இதை ஊற்றவே கூடாது, கடுமையாக வினைபுரியும்.

6. சிமுலேஷனில் தூய திரவங்கள் முதலில்

கலவைக்கு நேராகப் பாயாதீர்கள். தனி நீரும் தனி டி.எம்.எஸ்.ஓ.வும் 298.15 கெல்வினில் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு முறையே 0.997, 1.095 கிராம் என்ற அளவில் வர வேண்டும். எடுத்துக்காட்டுக் கோப்புகளில் 300 கெல்வின் என்றுதான் போட்டிருக்கும், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். நீரின் பாகுத்தன்மை இந்த வெப்பநிலையில் டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவீதம் மாறும். ஆக, கவனிக்காமல் விட்ட 1.85 டிகிரி உங்களுக்கு 4 சதவீதப் பிழையைத் தரும்.

நீர் மாதிரியை, அதாவது சிமுலேஷனில் நீர் மூலக்கூறுக்குப் பதிலாக நிற்கும் மாடலை, தேர்வதில் காரணம் வேண்டும். டிப்3பி மாதிரியில் நீர் உண்மையைவிட இரு மடங்குக்கு மேல் வேகமாக நகரும். புரதத்துக்காகப் பிரபலமானது என்பதற்காக நகர்வை ஆராயும் வேலையில் அதைப் பயன்படுத்துவது பொருந்தாது. டிப்4பி/2005 நகர்வையும் பாகுத்தன்மையையும் நன்றாகத் தரும், ஆனால் மின்காப்பு மாறிலியை 60-க்குப் பக்கத்தில் காட்டும். அளந்த மதிப்பு 78. எல்லாவற்றிலும் சரியான மாதிரி கிடையாது. இரண்டாம் படியில் நீங்கள் எழுதிய எண் எதுவோ, அதற்கு ஏற்றதை எடுங்கள்.

கலவைக்குப் போகும்போது 350 டி.எம்.எஸ்.ஓ., 650 நீர் என்று ஆயிரம் மூலக்கூறுகள் வைத்தால் அவற்றை அடைக்கும் கணினிப் பெட்டியின் பக்கம் சுமார் 3.9 நானோமீட்டர் வரும். பேக்மால் நிரலால் அடுக்கலாம். வெவ்வேறு அணுக்களுக்கிடையிலான விசையைக் கணக்கிடும் சேர்க்கை விதியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். ஓ.பி.எல்.எஸ். வகை மாதிரிகள் பெருக்கல் சராசரியை எதிர்பார்க்கின்றன, வேறு சில மாதிரிகள் லாரன்ஸ்-பெர்த்தெலோ விதியை. தவறான விதியோடும் சிமுலேஷன் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடும். அதுதான் ஆபத்து.

7. முதல் ஒப்பீடு கன அளவுச் சுருக்கத்தில்

அடர்த்தியை நேரடியாக ஒப்பிட்டால் எல்லா மாதிரியும் நல்ல மாதிரியாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு திரவமுமே 1-ஐ ஒட்டியவை. கலக்கும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பாருங்கள். 0.35-ல் ஒரு மோலுக்குச் சுமார் 36 கன சென்டிமீட்டர் இடம் பிடிக்கும் கலவை, தனித்தனியே இருந்ததைவிட ஏறத்தாழ 1 கன சென்டிமீட்டர் சுருங்குகிறது. அடர்த்தியில் அரை சதவீதப் பிழை இருந்தால் இந்தச் சுருக்கத்தில் அது 18 சதவீதப் பிழையாக வெளிப்படும். மூலக்கூறுகள் எப்படி ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்ற செய்தி இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சிமுலேஷனின் கலவை அடர்த்தியிலிருந்து ஆய்வகத்தின் தூய அடர்த்தியைக் கழிக்காதீர்கள். சிமுலேஷனுக்குச் சிமுலேஷனின் தூய மதிப்பு, அளவீட்டுக்கு அளவீட்டின் தூய மதிப்பு. இதை மாற்றிப் போட்டு, சுருங்குவதற்குப் பதில் விரிகிறது என்று வரைபடம் வரைந்த மாணவரைப் பார்த்திருக்கிறேன்.

அதே கையோடு கலப்பு வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். சுருக்கம் சரி, வெப்பம் தப்பு என்று வந்தால் மூலக்கூறுகளின் அளவு சரியாக இருந்து, அவற்றின் மின்னூட்டம் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். இந்தப் படியில் தோற்ற மாதிரியை அடுத்த படிக்குக் கொண்டுபோகாதீர்கள். அடர்த்தி அளக்க அரை நாள் போதும், நிறமாலையைக் கணக்கிட மாதங்கள் ஆகும். மலிவான சோதனையை முன்னால் வைப்பது அதற்காகத்தான்.

இன்னொன்று: எண்ணைப் பகிர்வதற்கு முன் மூவரும் தங்கள் எண்ணைத் தேதியிட்ட கோப்பில் எழுதி மூடிவிடுங்கள், ஒரே நேரத்தில் திறங்கள். அடுத்தவர் எண் தெரிந்துவிட்டால், அதற்குப் பக்கத்தில் வரும்வரை நம் கணக்கைத் திருத்திக்கொண்டே இருப்போம். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

8. நகர்வை ஒப்பிடுதல்

0.35-ல் கலவையின் பாகுத்தன்மை தனி நீரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே நீருக்குப் போதுமான சிமுலேஷன் நேரம் இதற்குப் போதாது. ஓட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் வரும் மதிப்பு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஆட்டம் அடங்காமல் எண் சொல்லாதீர்கள்.

சிறிய பெட்டியில் விரவல் குணகம், அதாவது மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று சொல்லும் எண், குறைவாக வரும். பெட்டி எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வருவதாகக் கணக்கிடுவதால், தன் பிம்பங்களோடு மூலக்கூறு இழுபடுவதே காரணம். 3 நானோமீட்டர் பெட்டியில் தனி நீருக்கு இந்தக் குறைவு சுமார் 10 சதவீதம். யே-ஹம்மர் திருத்தம் இதைச் சரிசெய்யும். திருத்தியதா திருத்தாததா என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

என்.எம்.ஆர். பக்கம் ஒரு வழக்கமான தப்பு: கருவியின் காந்தப்புலத்தை அலையாமல் பூட்ட டியூட்டீரியம் வேண்டும் என்பதற்காக மாதிரியையே கனநீரில் தயாரித்துவிடுவார்கள். கனநீரின் பாகுத்தன்மை 20 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நகர்வு மெதுவாகும், சிமுலேஷன்மேல் பழி விழும். கனநீரை ஒரு நுண்குழாயில் தனியே அடைத்து என்.எம்.ஆர். குழாய்க்குள் செருகினால் மாதிரி சாதாரண நீரிலேயே இருக்கும்.

9. நிறமாலை கடைசியில்தான்

எல்லாருக்கும் இதில்தான் ஆர்வம், அதனால் முதலில் எடுக்கத் துடிப்பார்கள். ஆனால் ஒரு பட்டை நகர்ந்தால் அதற்குப் பத்து விளக்கம் சொல்லலாம். முந்தைய படிகளில் உறுதியானவைதான் அந்தப் பத்தை இரண்டாகக் குறைக்கும்.

சல்பர்-ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வு தூய டி.எம்.எஸ்.ஓ.வில் 1050 செ.மீ⁻¹ சுற்றுவட்டாரத்தில் இருக்கும். நீர் சேரச் சேர 1020-ஐ நோக்கியும் அதற்குக் கீழேயும் இறங்கும். இதை அளக்க வந்தவர் முதலில் சாளரத்தை, அதாவது திரவத்தை அடைத்துவைக்கும் ஒளிபுகும் தட்டை, பார்க்க வேண்டும். கால்சியம் ஃபுளோரைடு சாளரம் சரியாக இந்தப் பகுதியில்தான் ஒளியை விழுங்கத் தொடங்கும். பேரியம் ஃபுளோரைடு இன்னும் கீழே போகும். பொட்டாசியம் புரோமைடு நீரில் கரைந்தே போய்விடும். ஒளி திரவத்தின் ஊடே போகாமல் படிகத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஏ.டி.ஆர். முறை, வைரம் வைத்தது, வசதியானது, ஆனால் அதில் வலுவான பட்டைகளின் முகடு சற்று இடம் மாறித் தெரியும். ஏ.டி.ஆர். முகட்டையும் ஊடுருவல் முகட்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

நீரின் பக்கத்தைப் பார்க்க, சாதாரண நீரில் ஐந்து சதவீதம்போலக் கனநீர் சேர்த்து, 2500 செ.மீ⁻¹ பக்கம் வரும் ஆக்சிஜன்-டியூட்டீரியம் பட்டையைப் பாருங்கள். சாதாரண நீரின் பட்டை மிக வலுவானது, சில மைக்ரான் தடிமனிலேயே ஒளி முழுவதும் போய்விடும். அதோடு பக்கத்து மூலக்கூறுகளின் அதிர்வுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நீர்த்த டியூட்டீரியம் தனித்து நிற்பதால் அதன் சுற்றுப்புறத்தை மட்டும் சொல்லும். அமிலமோ காரமோ சேராத கலவையில் டி.எம்.எஸ்.ஓ.வின் மெத்தில் ஹைட்ரஜன் டியூட்டீரியத்தோடு இடம் மாறாது என்பது நமக்குச் சாதகம்.

சிமுலேஷன் பக்கம், மின்னூட்டம் மாறாத எளிய மாதிரியிலிருந்து இந்தப் பட்டை நகர்வை எதிர்பார்க்காதீர்கள். டெராஹெர்ட்ஸ் பகுதியில் 200 செ.மீ⁻¹ அருகே வரும் நீரின் பட்டையைக்கூட அது சரியாகக் காட்டாது. மூலக்கூறுகளுக்கிடையே மின்னூட்டம் அசைவது அதில் இல்லை. எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கணக்கிடும் முறை வேண்டும், நூறு மூலக்கூறு அளவுக்குத்தான் கட்டுப்படியாகும். அப்போதும் முகடு எங்கே நிற்கிறது என்று ஒப்பிடாமல், தூய திரவத்திலிருந்து கலவைக்கு எவ்வளவு நகர்ந்தது என்பதை ஒப்பிடுங்கள். இரண்டிலும் பொதுவாக இருக்கும் பிழையில் பெரும்பகுதி கழித்தலில் போய்விடும்.

10. எண்கள் பொருந்தாதபோது

பொருந்தாது. முதல் தடவை பொருந்தினால்தான் பயப்பட வேண்டும்.

சந்தேகிக்கும் வரிசையை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்த துறையைக் கைகாட்டுவார்கள். முதலில் விகிதம்: மீதி மாதிரியின் அடர்த்தியை மறுபடி அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், 0.35 பக்கம் அடர்த்தி வளைவு தட்டையாக இருப்பதால், சந்தேகம் தீராவிட்டால் ஈரத்தையும் அளக்க வேண்டும். அடுத்து வெப்பநிலை: கருவியின் திரை சொல்வதை நம்பாமல் மாதிரி இருக்கும் இடத்தில் அளங்கள். மூன்றாவது, மூன்றாம் படியில் எழுதிய சொல் வரையறை. நான்காவது, தரவைச் செப்பனிட்ட விதம், அதாவது அடிக்கோடு கழித்தது, வளைவு பொருத்தியது. ஃபோர்ஸ் ஃபீல்டு, அதாவது சிமுலேஷனில் அணுக்களுக்கிடையிலான விசையைத் தரும் மாதிரி, கடைசி. அதை மாற்றினால் எல்லாவற்றையும் ஆறாம் படியிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். அது சரியாக இருக்கும்போது மாற்றினால் நஷ்டம் மாதக்கணக்கில்.

ஒரே ஒரு எண்ணைப் பொருத்துவதற்காக மின்னூட்டத்தைத் திருகாதீர்கள். அந்த எண் பொருந்தும், ஏழாம் படியில் பொருந்தியவை கலைந்துபோகும்.

11. பதிவு, பெயர், குப்பி

யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை முதல் மாதமே பேசி எழுதிவிடுங்கள். முடிவு தெரிந்தபின் பேசினால் மனக்கசப்பு நிச்சயம்.

ஒவ்வொரு கோப்பிலும் குப்பி எண், மோல் பின்னம், வெப்பநிலை, அலகு, தேதி இருக்கட்டும். செப்பனிடாத மூலத் தரவும் சிமுலேஷனின் உள்ளீட்டுக் கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும். மூவரும் படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பாக வையுங்கள். கருவி நிறுவனத்தின் வடிவில் மட்டும் வைத்தால் உரிமம் முடிந்த அன்று அது திறக்காது.

ஒவ்வொரு விகிதத்திலும் ஒரு குப்பியைத் திறக்காமல், மூடியைச் சுற்றி உருகு படலம் ஒட்டி, இருட்டில் வைத்திருங்கள். எடையைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள். கட்டுரையை மதிப்பிடுபவர் ஆறு மாதம் கழித்து ஓர் அளவீட்டை மறுபடி கேட்பார். அன்று எடை மாறாமல் இருந்தால் அந்தக் குப்பியைத் திறந்து அளக்கலாம். குறைந்திருந்தால் ஐந்தாம் படியிலிருந்து புதிதாகக் கலந்துகொள்ளுங்கள்.